21 நாள் ஊசி: சிடன்ஹாம் கொரியா வந்த பிள்ளையின் வீட்டிலிருந்து சில கேள்வி பதில்கள்

என் மகளுக்கு 9 வயதில் சிடன்ஹாம் கொரியா வந்தது. தொண்டைக் கிருமிக்குப் பின், கை கால் தானாகத் துள்ளுகிற நோய் அது. இப்போது அவளுக்கு 22. இந்த இடைவெளியில் யார் யாரிடமோ என் எண்ணை வாங்கி, ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிடுகிற அம்மாக்களிடம் ஒரே பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். (பகலில் வீட்டில் ஆள் இருக்கும், அழ முடியாது. அதனால்தான் அந்த நேரம்.) நான் டாக்டர் இல்லை. தேனிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். இதைப் பார்த்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகப் படியுங்கள்.

முதலில் என்ன தெரிந்தது? கை கால் ஆட்டமா?

இல்லை, குணம். அதைத்தான் நாங்கள் கோட்டை விட்டோம்.

தீபாவளித் தையல் நெருக்கடியில் நான் இருந்த நேரம். தொட்டதற்கெல்லாம் அழுதாள். தட்டில் சட்னி இட்லியைத் தொட்டுவிட்டது என்று அரை மணி நேரம் தேம்பினாள். அடுப்பை அணைத்தாயா, அணைத்தாயா என்று படுக்கப் போகும்வரை கேட்டாள். நான் அணைத்துவிட்டேன் என்று சொன்னாலும் எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள், ஒரே ராத்திரியில் ஏழெட்டு முறை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "வயசுக்கு வரப்போற பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்றார். நானும் ஒப்புக்கொண்டேன்.

மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் கை. நோட்டில் எழுத்து கோட்டை விட்டு மேலும் கீழும் ஓடியது. "கவனம் இல்லை" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். டம்ளர் கை நழுவி விழுந்தது. கடையில் எனக்கு ஊசியில் நூல் கோர்த்துத் தருவது அவள் வேலை. என் கண்ணுக்குச் சாளேசுரம் வந்ததிலிருந்து அவள்தான் என் கண். ஒரு நாள் சாயங்காலம் நூலை எச்சில் தொட்டு முறுக்கி ஊசிக் கண்ணுக்குக் கொண்டுபோகிறாள், கை பக்கத்தில் போனதும் தானாக வெட்டிக்கொண்டு விலகுகிறது. திரும்பவும் போகிறது, திரும்பவும் விலகுகிறது. "நான் செய்யலம்மா, கை செய்யுது" என்றாள். அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு வேறு பிள்ளைகள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன்.

முகமும் சுளித்தது. வகுப்பில் பழிப்புக் காட்டுகிறாள் என்று வெளியே நிற்க வைத்தார்கள்.

இது என்ன நோய்? ஏன் வருகிறது?

தொண்டை வலியில் ஆரம்பிக்கிற நோய். எல்லாத் தொண்டை வலியும் இல்லை, பெரும்பாலானவை வைரஸால் வந்து தானே போய்விடும். குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சுருக்கமாக ஸ்ட்ரெப், என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. அது தொண்டையில் இறங்கும்போது உடம்பு அதை எதிர்க்க ஆட்களைத் திரட்டுகிறது. அந்தக் கிருமியின் மேல்தோலும் நம் உடம்பின் சில திசுக்களும் பார்க்க ஒன்றுபோல் இருப்பதால், சில பிள்ளைகளுக்கு அந்தப் படை ஆள் மாறி வீட்டு ஆளையே அடித்துவிடுகிறது. மூட்டில் அடித்தால் வீக்கம், இதயத்தில் அடித்தால் வால்வுக் கோளாறு. மூளைக்குள் ஆழத்தில், அசைவுகளை அளந்து விடுகிற பேசல் கேங்லியா என்ற பகுதியில் அடித்தால் கொரியா. இதெல்லாம் சேர்ந்த பெரிய நோய்க்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர்.

அதே பேசல் கேங்லியாவுக்கு மனநிலையிலும், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் உந்துதலிலும் பங்கு உண்டு. அதனால் அழுகையும் அடுப்பைத் தொட்டுப் பார்த்ததும் தனிக் கதை இல்லை. கை ஆட்டத்தைப் போல அதுவும் அறிகுறிதான். இது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது.

பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வரும். பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல். தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1686இல் விவரித்ததால் அவர் பெயர். ஐரோப்பாவில் இதைப் புனித வைட்டஸ் நடனம் என்றும் சொல்வார்கள். நடனமாம். பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் பிள்ளைக்குச் சமீபத்தில் தொண்டை வலியே இல்லையே?

எங்களுக்கும் அதுதான் குழப்பம். மூட்டு வலி, காய்ச்சல் என்றால் தொண்டை வலிக்குப் பின் 2, 3 வாரத்தில் வந்துவிடும். கொரியா மட்டும் நிதானமாக, 1 மாதத்திலிருந்து 6 மாதம், சில சமயம் 8 மாதம் கழித்துக்கூட வரும். ஆடி மாதத் தொண்டை வலியை மார்கழியில் யார் நினைவு வைத்திருப்பார்கள்? ஸ்ட்ரெப் வந்துபோனதைக் காட்ட இரத்தத்தில் பார்க்கிற ஏ.எஸ்.ஓ. அளவும் அதற்குள் இறங்கிவிட்டிருக்கலாம். ஆகவே ஏ.எஸ்.ஓ. சரியாக இருக்கிறது, இது ருமாட்டிக் இல்லை என்று யாராவது சட்டென்று முடித்துவிட்டால், இன்னொரு முறை கேளுங்கள்.

இது வலிப்பா?

இல்லை. வலிப்பில் நினைவு தப்பலாம், வந்து சில நிமிஷத்தில் அடங்கும். கொரியாவில் பிள்ளை தெளிவாகப் பேசிக்கொண்டே இருக்கும், கை கால் ஒழுங்கில்லாமல் துள்ளிக்கொண்டிருக்கும். தூங்கினால் நின்றுவிடும். இரவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அசையாமல் கிடக்கிற அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பகலில் இதே கைதானா என்று இருக்கும்.

ஒரு விஷயம், சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். நான் முதல் ஆஸ்பத்திரியில் "கை கால் இழுக்குது" என்றேன். "இழுப்பு" என்றால் எங்கள் பக்கம் வலிப்பும்தான், மூச்சிரைப்பும்தான். வலிப்பு மாத்திரை எழுதி, மூளை அலையைப் பதிகிற இ.இ.ஜி. எடுத்து, 12 நாள் வீணானது. போனில் படம் பிடித்துக் காட்டுங்கள். சாப்பிடுவதை, எழுதுவதை, சட்டைப் பித்தானைப் போடுவதை 1 நிமிஷம் பிடித்தால் போதும்.

மந்திரித்துப் பார்க்கலாமா என்று மாமியார் கேட்கிறார்.

நாங்களும் போனோம். வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்னிச்சட்டி நேர்ந்துகொண்டேன், அவள் தேறிய வருஷம் சித்திரையில் எடுக்கவும் செய்தேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. கயிறு கையில் இருந்தாலும் மருந்து வேலை செய்யும்.

ஆனால் அடிக்கிற, புகை போடுகிற, பட்டினி போடுகிற இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மிரட்டினால் ஆட்டம் கூடும். அப்படிக் கூடுவதைப் பார்த்து "உள்ளே இருக்கிறது பயந்து ஆடுது" என்பார்கள். மாமியாரிடம் சண்டை போடுவதைவிட அவரையும் டாக்டரிடம் கூட்டிப்போவது நல்லது. என் மாமியாருக்கு டாக்டர் நேரிலேயே ஒரு சோதனையைக் காட்டினார், அதோடு வீட்டில் பேச்சு மாறியது.

என்ன சோதனை அது?

டாக்டர் தன் இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடிச்சுக்கோ பாப்பா, விடாதே" என்றார். பிடித்தாள். பிடி ஒரே சீராக இல்லை. இறுகுகிறது, தளர்கிறது, இறுகுகிறது. என் மாமியாரையும் விரலைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு மாடு வைத்திருந்தவர் அவர். "பால் பீச்சுற மாதிரில்ல இருக்கு" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். அந்த அறிகுறிக்கே பால்காரிப் பிடி என்றுதான் மருத்துவத்தில் பெயராம்.

பிறகு நாக்கை நீட்டி அப்படியே வைக்கச் சொன்னார். நாக்கு நிற்கவில்லை, உள்ளே ஓடி ஓடி வந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார், மணிக்கட்டு கீழே வளைந்து விரல்கள் பின்னுக்கு நிமிர்ந்தன. கொரியாவைப் பெரும்பாலும் இப்படிக் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் மற்ற நோய்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. உடம்பில் செம்பு சேருகிற வில்சன் நோய், உடம்பின் எதிர்ப்புப் படை தன் உடம்பையே தாக்குகிற லூபஸ் இரண்டும் இதே மாதிரி ஆட்டம் காட்டும். செருலோபிளாஸ்மின், ஏ.என்.ஏ. என்று எழுதித் தந்தால் அதற்குத்தான். பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

உடனே ஓட வேண்டிய நிலை எது?

பிள்ளைக்குப் பேச்சு நின்றுபோனால், நினைவு தப்பினால், வலிப்பும் சேர்ந்தால், யாரோ பேசுவது கேட்கிறது என்று சொன்னால், நாள்கணக்கில் தூங்காவிட்டால், விழுங்க முடியாமல் போனால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. மூளையழற்சி வகைகள் இருக்கின்றன. மூளை செல்களில் இருக்கிற என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற பகுதியை உடம்பே தாக்குகிற ஒரு வகையை 2007இல்தான் அடையாளம் கண்டார்கள். அதுவும் தொடக்கத்தில் மனநோய் மாதிரியே தெரியும். சீக்கிரம் பிடித்தால் மருந்து இருக்கிறது. மூச்சுத் திணறல், படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம் என்றால் இதயம். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

கை ஆட்டத்துக்கு எதற்கு இதய எக்கோ (இதய ஸ்கேன்)?

ருமாட்டிக் காய்ச்சல் மூட்டுகளை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று டாக்டர்களுக்குள் ஒரு பழைய பேச்சு உண்டு. கொரியா வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் இதயத்திலும் ஏதாவது பாதிப்பு இருக்கும். பலருக்கு அது ஸ்டெதஸ்கோப்பில் கேட்காது, எக்கோவில்தான் தெரியும். என் மகளுக்கு மைட்ரல் வால்வில் லேசான கசிவு இருந்தது. நெஞ்சு வலி, இருமல், களைப்பு எதுவும் இல்லை. எக்கோ எடுக்காமல் விட்டிருந்தால் கை நின்றவுடன் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்திருப்போம்.

இந்தப் பதிலை இரண்டு முறை படியுங்கள். கொரியா கண்ணுக்குத் தெரிகிற பூதம், ஆனால் பெரும்பாலும் தானே இறங்கிப் போய்விடும். வால்வு சத்தமில்லாமல் கெடும். ஊர் முழுக்கக் கையைப் பார்த்துத்தான் பயப்படுகிறது.

எவ்வளவு நாளில் சரியாகும்? என்ன மருந்து?

பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரத்திலிருந்து 6 மாதத்துக்குள் ஆட்டம் அடங்கிவிடும். சிலருக்கு 2 வருஷம்வரை இழுக்கும். லேசாக இருந்தால் மருந்தே வேண்டாம் என்று விடுவதும் உண்டு. சாப்பிட, எழுத, நடக்க முடியவில்லை என்றால் வால்ப்ரோயேட், கார்பமாசெபின், ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போல ஏதாவது ஒன்று. கடுமையாக இருந்தால் ஸ்டீராய்டு.

இவளுக்கு முதலில் ஹாலோபெரிடால். மூன்றாம் நாள் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கத்தினோம், ஓடினோம், ஒரு ஊசியில் சரியானது. இது தெரிந்த பக்கவிளைவுதான், முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம். புது மருந்து எழுதும்போது, "இதில் எது நடந்தால் நான் உடனே வரணும்?" என்று கேட்டு, பதிலைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வால்ப்ரோயேட்டுக்கு மாற்றினார்கள், ஈரல் பரிசோதனை இடையிடையே செய்தார்கள். ஐந்தாம் மாதம் மெதுவாகக் குறைத்து நிறுத்தினார்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளை என்றால் வால்ப்ரோயேட் பற்றித் தனியாகக் கேளுங்கள். கர்ப்ப காலத்தில் அது கருவைப் பாதிக்கும்.

தேறியது ஒரே நாளில் தெரியாது. தண்ணீரைப் பாதி டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன், பிறகு முக்கால். ஸ்டீல் டம்ளர், கண்ணாடி வேண்டாம். தோசையைப் பிய்த்துக் கொடுத்தேன். கட்டிலை எடுத்துவிட்டுப் பாயில் படுக்க வைத்தேன். சட்டைக்குப் பித்தான் பதில் வெல்க்ரோ தைத்தேன் (இந்த ஒன்றில் என் தொழில் கை கொடுத்தது). பங்குனி கடைசியில் ஒரு நாள் கடையில் நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க, மேசையில் கோர்த்த ஊசி ஒன்று கிடந்தது. எத்தனை முறை தவறினாள் என்று நான் கேட்கவில்லை.

கை நின்றுவிட்டது, கோபமும் பயமும் போகவில்லையே?

உடம்பு தேறுவதும் மனசு தேறுவதும் ஒரே பஸ்ஸில் வருவதில்லை. இவளுக்குக் கை 5 மாதத்தில் நின்றது. அடுப்பைத் தொட்டுப் பார்ப்பது ஒன்றரை வருஷம் இருந்தது. நடுவில் "நான் கெட்டவளாம்மா?" என்று ஒரு நாள் கேட்டாள். மாதக்கணக்கில் வகுப்பிலும் வீட்டிலும் திட்டு வாங்கிய பிள்ளை வேறு என்ன நினைக்கும்? நானே ஒருமுறை டம்ளரைக் கொட்டியதற்கு அறைந்திருக்கிறேன்.

குழந்தை மனநல மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், காசில்லை, தமிழில் பேசுவார்கள். எங்களுக்கு உதவியது மாத்திரை இல்லை, ஒரு பழக்கம். அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் 5 நிமிஷம் தள்ளிப்போட வேண்டும், அந்த நேரத்தில் நானும் "அணைச்சாச்சு" என்று பதில் சொல்லக் கூடாது. இரண்டாவது பாதிதான் கஷ்டம். பிள்ளை கெஞ்சும்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடங்கிவிடும். ஆனால் அந்த வார்த்தையே நோய்க்குத் தீனி என்றார் டாக்டர். பிறகு 10 நிமிஷம், 20 நிமிஷம். ராத்திரி அவள் பாயின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருப்பாள், நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

பாண்டாஸ் என்று யூடியூபில் சொல்கிறார்களே, அதுவா இது?

பக்கத்துத் தெரு. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் சூசன் ஸ்வீடோ என்ற டாக்டரின் குழு, கொரியா வந்த பிள்ளைகளிடம் இந்தத் திரும்பத் திரும்பச் செய்கிற பழக்கத்தைக் கவனித்தது. கொரியா இல்லாமலே ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பின் இந்தப் பழக்கமும் டிக் எனப்படும் வெட்டல்களும் திடீரென்று வருகிற 50 பிள்ளைகளைப் பற்றி 1998இல் எழுதினார்கள். அதற்குத்தான் பாண்டாஸ் என்று பெயர். காரணம் எதுவாக இருந்தாலும், திடீரென்று வந்தால் பான்ஸ் என்று 2012இல் வரையறையை விரித்தார்கள்.

டாக்டர்களுக்குள்ளேயே இதில் வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆம் இல்லை என்று சொல்ல ஒற்றை இரத்தப் பரிசோதனை கிடையாது. என் அபிப்பிராயம் இதுதான்: நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை இரண்டே நாளில் ஆள் மாறினால் அந்தப் பெயரை டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். ஆனால் வருஷக்கணக்காக மெல்ல வந்த பழக்கத்துக்கு அந்தப் பெயரை ஒட்டி, லட்சக்கணக்கில் செலவழித்து இம்யூனோகுளோபுலின் (பிறர் இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்ற நகையை அடகு வைக்காதீர்கள். முதலில் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

பள்ளியில் எப்படிச் சொல்வது?

வாயால் சொல்லாதீர்கள், சீட்டாகக் கொடுங்கள். டாக்டரிடம் நான்கு வரி எழுதி வாங்கினேன்: இது நோய், வேண்டுமென்று செய்வதில்லை, தொற்றாது, எழுத்து வேலையைக் குறைக்கவும். அதற்குப் பிறகு வகுப்பாசிரியை முதல் பெஞ்சின் சுவர் ஓரத்தில் உட்கார வைத்தார், வீட்டுப்பாடத்தை வாயால் ஒப்பிக்க விட்டார். வெளியே நிற்க வைத்ததும் அதே ஆசிரியைதான். பொதுத்தேர்வு வருஷம் என்றால், மருத்துவச் சான்றிதழோடு தலைமை ஆசிரியர் வழியாகச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

ஒரு வருஷம் நிறுத்தி வைக்கலாமா என்று கேட்பார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. அரை நாள் அனுப்பினோம். தோழிகள் இருக்கிற இடத்தில் அவளுக்கு ஆட்டம் குறைவாக இருந்தது.

தொற்றுமா? பத்தியம் உண்டா?

கொரியா தொற்றாது. ஸ்ட்ரெப் தொண்டை வலி தொற்றும், அதனால் தம்பி தங்கைக்கும் தொண்டை வலி வந்தால் காட்டுங்கள். பத்தியம் கிடையாது. ஐஸ்கிரீமால் வரவில்லை, தயிரால் வரவில்லை. 13 வருஷமாகச் சொல்கிறேன், எங்கள் சின்ன அத்தை இன்னும் நம்பவில்லை.

தொண்டை வலிக்குக் கசாயம் மட்டும் கொடுத்தேன். என் தப்பா?

ராத்திரி பத்து மணிக்கு வருகிற கேள்வி இதுதான். மற்றதெல்லாம் இதைக் கேட்க வழி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரெப் தொண்டை வலி ஆரம்பித்து 9 நாளுக்குள் சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தால், வாய்வழி பெனிசிலின் என்றால் 10 நாள் முழுதாகக் கொடுத்தால், ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். நானும் சுக்குக் காப்பிதான் கொடுத்தேன். ஆனால் தொண்டை வலிக்குச் சுக்குக் காப்பி கொடுக்காத வீடு நம் ஊரில் உண்டா? அத்தனை பிள்ளைகளுக்கும் இது வருவதில்லை, உடம்புவாகு உள்ள சில பிள்ளைகளுக்குத்தான். தொண்டை வலி தெரியாமலேயே வந்தவர்களும் இருக்கிறார்கள். நெருக்கி வாழ்கிற வீடுகளில்தான் இந்தக் கிருமி சுற்றுகிறது. பணக்கார நாடுகளில் இந்த நோயே அரிதாகிவிட்டது. அங்கே வீட்டில் ஆளுக்கோர் அறை இருக்கிறது, அம்மாக்கள் நம்மைவிடக் கெட்டி என்பதால் இல்லை.

21 நாள் ஊசி என்றால் என்ன? எவ்வளவு காலம்?

பென்சாதின் பெனிசிலின். பெனிடியூர் ஊசி என்றால் மருந்துக்கடையில் தெரியும். உடம்பில் மெல்லக் கரைந்து, அடுத்த ஸ்ட்ரெப் தொற்று ஒட்டாமல் காவல் இருக்கும். இது கொரியாவுக்கு மருந்து இல்லை, அடுத்த தாக்குதலுக்குத் தடை. 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், மேலே 12 லட்சம், 21 நாளுக்கு ஒரு முறை, இடுப்பில்.

காலக்கணக்கை நம் ஊர்க் குழந்தை மருத்துவர்கள் இப்படிச் சொல்வார்கள்: இதயம் பாதிக்கப்படவில்லை என்றால் 5 வருஷம் அல்லது 18 வயதுவரை, எது பிந்தியதோ அது. இதயம் பாதித்துத் தேறியிருந்தால் 10 வருஷம் அல்லது 25 வயதுவரை. வால்வு கெட்டு நிலைத்துவிட்டால் ஆயுசுக்கும். இவளுக்குக் கசிவு 14 வயது எக்கோவில் காணாமல் போனது, ஆனாலும் 25 வரை உண்டு. இதுவரை இருநூறைத் தாண்டியிருக்கும்.

21 நாள் என்பது சரியாக 3 வாரம். ஆகவே எப்போதும் ஒரே கிழமையில் விழும். முதல் ஊசியைச் சனிக்கிழமையில் ஆரம்பித்தோம், ஒரு பள்ளி நாளும் வீணாகவில்லை. தினத்தாள் காலண்டரில் வருஷம் முழுவதற்கும் முன்பே சிவப்பு வட்டம் போட்டு வைப்பேன்.

வலிக்கும். பொய் சொல்லாதீர்கள், "எறும்பு கடிதான்" என்றால் அடுத்த தடவை கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். மருந்து கெட்டியாக இருப்பதால் மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். கலந்த மருந்தை உள்ளங்கையில் உருட்டிக் குளிர் போகச் செய்வது, போடுகிற இடத்தைக் கட்டை விரலால் 10 விநாடி அழுத்திவிட்டுக் குத்துவது, மெதுவாக 2, 3 நிமிஷம் எடுத்து இறக்குவது இதெல்லாம் வலியைக் குறைக்கும். கேட்டால் மரத்துப்போகிற மருந்து கலந்தும் போடுவார்கள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அக்கா, ஊசி இறங்கும்வரை இவளை 16ஆம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார். எனக்கு அது இன்றும் வராது, அவளுக்கு வரும்.

வெறும் வயிற்றில் போகாதீர்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், படுக்க வைத்துப் போடச் சொல்லுங்கள், போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஒவ்வாமை அரிது, ஆனால் வந்தால் நிமிஷங்களில் வரும். இந்தப் பயத்தில் பல தனியார் கிளினிக்குகள் "நாங்க போட மாட்டோம்" என்று திருப்பி அனுப்பிவிடும். எங்களை ஒரே நாளில் மூன்று இடத்தில் திருப்பினார்கள். டாக்டரின் கடிதத்தை லேமினேட் செய்து பையில் வைத்த பிறகு பேச்சு குறைந்தது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு எரித்ரோமைசின் மாத்திரை தினமும் இரண்டு வேளை. வால்வு கடுமையாகக் கெட்டிருந்தாலும் ஊசியா மாத்திரையா என்று டாக்டர் யோசித்துச் சொல்வார்.

திரும்ப வருமா?

வரலாம். ஐந்தில் ஒருவருக்காவது வருகிறது, பெரும்பாலும் முதல் 2 வருஷத்துக்குள். ஊசியை ஒழுங்காகப் போட்டால் வாய்ப்பு குறையும், பூஜ்யமாகாது. இவளுக்கு 11 வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பின் இடது கை மட்டும் 3 வாரம் ஆடியது, அடங்கிவிட்டது. முதல் தடவை மாதிரி யாரும் அலறவில்லை.

பெரிய பிள்ளைகளுக்கு ஒன்று. கர்ப்ப காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை அல்லது மாதவிடாயை ஒழுங்குபடுத்தும் மாத்திரை எடுக்கும்போதும் சிலருக்குத் திரும்பும். எந்த மகப்பேறு மருத்துவரிடம் போனாலும் "சின்ன வயசில் கொரியா வந்தது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லப் பழக்குங்கள்.

வெளியே சொல்லலாமா? நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது...

நான் முதல் 2 வருஷம் மறைத்தேன். ஊசிக்குப் போகிற சனிக்கிழமையெல்லாம் "டியூஷன்" என்றேன். ஒரு நாள் பஸ்ஸில் ஒரு உறவுக்காரம்மா கேட்க, இவளே, "டியூஷன் இல்ல அத்தை, எனக்கு இதயத்துக்கு ஊசி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா தன் பேரனுக்கும் முகம் வெட்டுகிறது என்று மறுநாள் வீட்டுக்கு வந்தார். கல்யாணத்தைப் பற்றி அவளிடம்தான் கேட்க வேண்டும். மறைத்துச் செய்கிற கல்யாணத்தில் 21 நாளைக்கு ஒரு சனிக்கிழமை என்ன பொய் சொல்வது என்பதுதான் அவள் கேட்கிற கேள்வி.

ஊசி நாள் தவறிவிட்டால்?

கல்லூரி விடுதிக்குப் போன முதல் வருஷம், செமஸ்டர் பரீட்சையில் இவள் 4 நாள் தவறவிட்டாள். தொண்டைக்குள் ஏதோ கரகரக்கிறது என்று போனில் சொன்னபோதுதான் தெரிந்தது. எனக்குக் கை நடுங்கியது.

தவறினால் திட்டிக்கொண்டிருக்காமல், ஞாபகம் வந்த அன்றைக்கே போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த முறைவரை காத்திருக்கக் கூடாது, சேர்த்து இரண்டாகவும் போடக் கூடாது. அந்த நாளிலிருந்து புதிதாக 21 எண்ண வேண்டும். தொண்டை வலி இருந்தால் அதையும் காட்ட வேண்டும். அவள் புதன்கிழமை போய்ப் போட்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டுக் காலண்டரில் வட்டமெல்லாம் புதனுக்கு மாறிவிட்டது. இப்போது போடுவதும் அவள்தான், பச்சை மையில்.